காயில் கவருக்குள் ஈர மணல்: கழற்றிவிடலாமா, சீல் செய்யலாமா?

கரைநடை:

வணக்கம். என் மெட்டல் டிடெக்டரில் தரையைத் துழாவும் தட்டு, அதாவது காயில், 11 அங்குல டபுள்-டி (உள்ளே D வடிவில் இரண்டு கம்பிச்சுருள்), நடுவில் திறப்பு உள்ள வகை. கூடவே வந்த கறுப்பு ஏபிஎஸ் (ஒரு வகைக் கெட்டி பிளாஸ்டிக்) கவரைத்தான் போட்டிருக்கிறேன். அழுத்தினால் விளிம்பில் கவ்விக்கொள்ளும். காய்ந்த மணலில் டிடெக்டர் அமைதியாக இருக்கிறது. கடலோர ஈர மணலில் அரை மணி நேரம் வீசியதும், வீச்சு திரும்பும் இடத்தில், இடது வலது இரண்டு ஓரத்திலும், அரைகுறையாக பீப் வருகிறது. தோண்டினால் ஒன்றுமில்லை. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் சத்தம் குறைகிறதே தவிர நிற்கவில்லை. காயிலைக் குலுக்கினால் உள்ளே சரசரவென்று ஏதோ நகர்கிறது.

கவரைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் காயிலோடு தேடலாமா? அல்லது சுற்றிலும் சிலிக்கான் போட்டு அடைத்துவிடலாமா? கவர் இருப்பதால் ஆழம் குறைகிறது என்றும் படித்தேன், எவ்வளவு குறையும்? இதுவரை கவரைக் கழற்றியதே இல்லை. உடைத்துவிடுவோமோ என்ற பயம்தான்.

செம்புச்சுருள்:

குலுக்கினால் சரசரப்பு, திரும்பும் இடத்தில் பீப். இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன: கவருக்குள் மணல் ஓடுகிறது.

ஏன் திரும்பும் இடத்தில் மட்டும்? இந்த வகை டிடெக்டர் மாறாமல் இருக்கும் சிக்னலை வடிகட்டிவிடும், மாறுகிற சிக்னலைத்தான் சத்தமாக்கும். கவருக்குள் அப்பிக்கிடக்கும் மணல் காயிலோடு சேர்ந்தே பயணிக்கும்வரை கருவி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. வீச்சு திரும்பும்போது காயில் ஒரு கணம் நின்று எதிர்ப்பக்கம் கிளம்புகிறது. உள்ளே இருக்கும் சேறு பழைய வேகத்திலேயே போய் ஓரத்தில் மோதுகிறது. அந்த நகர்வுதான் பீப். அது நடப்பதும் கம்பிச்சுருளுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அருகில், காந்தப்புலம் மிக வலுவாக இருக்கும் இடத்தில். அதனால் கொஞ்சம் மணலே போதும்.

அந்தச் சேற்றில் கருவியைத் தொல்லை செய்பவை இரண்டு. ஒன்று, உப்பு நீர். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். வெறும் தூசியோ நல்ல தண்ணீரோ இந்த அளவுக்குத் தொல்லை தராததற்குக் காரணம் இதுதான். இரண்டாவது, கருமணல். அதிலுள்ள மாக்னடைட் இரும்பு ஆக்சைடு, காந்தம் இழுக்கும். சாதாரண மணலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம் என்பதால் ஆடி ஆடிக் கடைசியில் கவரின் அடியில் தங்குவது அதுதான்.

எடையையும் பாருங்கள். 28 செ.மீ. விட்டமுள்ள மூடிய காயிலின் அடிப்பரப்பு சுமார் 615 சதுர செ.மீ. அதில் 1 மி.மீ. கனத்துக்கு ஈர மணல் படிந்தால் 120 கிராம் ஆகிவிடும். உங்களுடையது திறப்புள்ளது, அதைவிடக் குறையும். ஆனாலும் அந்தச் சுமை தண்டின் நுனியில் தொங்குகிறது. தோள் வலிக்கு அது போதும்.

இருந்தாலும் கவர்மேல் பழி போடுமுன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டு மின்சாதனங்களிலிருந்தும், மணலில் புதைந்த குப்பையிலிருந்தும் விலகி, காயிலைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பிடியுங்கள். சுற்றுப்புற மின் இரைச்சலைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சல் ஓட்டுங்கள். எந்த உலோகத்தையும் ஒதுக்காத ஆல்-மெட்டல் மோடில் வைத்து, நீங்கள் வழக்கமாக வைக்கும் சென்சிட்டிவிட்டியில் காயிலைக் காற்றில் வீசித் திருப்புங்கள். பீப் வந்தால் கவரைக் கழற்றிவிட்டு அதையே செய்யுங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி கவர்தான். கவர் இல்லாமலும் வந்தால், வீசாமல் நிலையாகப் பிடித்துக்கொண்டு கேபிளை காயிலுக்குள் நுழையும் இடத்தில் மெல்ல ஆட்டுங்கள். பிறகு காயில் கூட்டை (சுருளை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை) இரு கையாலும் லேசாக முறுக்குங்கள், விரல் முட்டியால் தட்டுங்கள். எந்த அசைவுக்குச் சத்தம் வருகிறதோ அங்கேதான் கோளாறு. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தட்டுகிற கையே பீப் கொடுக்கும்.

கழற்றும் முறை: காயிலைத் தண்டிலிருந்து கழற்ற வேண்டியதில்லை, ஆனால் கழற்றினால் கைக்கு வசதி. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் கவர்ப்பக்கம் மட்டும் மூழ்கும்படி வையுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். விளிம்பில் இறுகிய உப்பும் மணலும் இளகும், ஏபிஎஸ்ஸும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பிறகு பின்முனையில், அதாவது தண்டு மாட்டும் பக்கத்தில், பிளாஸ்டிக் நெம்பியையோ பழைய பிளாஸ்டிக் அட்டையையோ நுழையுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அது கவரை விட காயில் கூட்டின் விளிம்பைத்தான் முதலில் கீறும். ஐந்து செ.மீ.க்கு ஒருமுறை நெம்பிக்கொண்டே முன்முனைக்கு வாருங்கள். ஒரே இடத்தில் இழுத்தால் கவ்வும் உதடு அங்கேயே கிழியும்.

கழற்றியதும் உள்ளே கிடப்பதைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் வழித்துப் போட்டு, பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தை வைத்து அதன்மேல் நகர்த்துங்கள். பை மேல் கறுப்புத் தாடி போல் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தால் உங்கள் கரையில் கருமணல் எவ்வளவு என்பது விளங்கிவிடும். துருப்பிடித்த ஆணித் துணுக்கு ஒன்று ஒளிந்திருந்தாலும் அதில் மாட்டும்.

பிறகு நல்ல தண்ணீர், ஓரிரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பல்துலக்கி. காயில் கூட்டின் விளிம்புப் பள்ளம், கவரின் உள்விளிம்பு, திறப்புகளின் ஓரம். இந்த மூன்றிலும்தான் மணல் ஒளியும். அதிவேகமாகப் பீய்ச்சும் கருவியால் கழுவாதீர்கள். கேபிள் நுழையும் இடத்தின் சீலைத் தாண்டித் தண்ணீர் போய்விடும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் ஏபிஎஸ் பக்கமே வரக்கூடாது. அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைத்தே விடும். நிழலில் காயவைத்து மாட்டுங்கள். முன்முனையை முதலில் நுழைத்து, இருபுறமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே பின்முனைக்கு வந்தால் "டக்" என்று உட்காரும்.

கவரே இல்லாமல் தேடலாமா என்றால், காற்றில் தொங்கும் காயிலுக்குத் தேவையில்லை, தரையில் உரசும் காயிலுக்குத் தேவை. கவர் தேய்ந்தால் வேறு கவர் வாங்கிப் போடலாம். காயில் கூடு தேய்ந்தால் காயிலையே மாற்ற வேண்டும். உப்பு மணலில் தேடுபவர் கவரைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாள் முடிவிலும் கழற்றிக் கழுவுவதுதான் என் பரிந்துரை. ஐந்து நிமிட வேலை.

நீலவளையம்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் தினமும் கழற்றி மாட்டினால் கவ்வும் உதடு தளர்ந்துவிடும். உதடு தளர்ந்த கவர் அலையில் கழன்றால் கிடைக்காது. ஏபிஎஸ் தண்ணீரைவிடச் சற்றே கனமானது, மிதக்காது. தொடர்ந்து நீரோரத்தில் தேடுபவர்களுக்கு சீல் செய்வது நல்ல வழிதான். முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவே.

சிலிக்கான் வாங்கும்போது "நியூட்ரல் க்யூர்" என்று இருப்பதையே வாங்குங்கள். வினிகர் வாசனை அடிக்கும் வகை இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடும். கூட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அந்த ஆவி செம்புக்கம்பிவரை போய் அரிக்கும். உலோகத்தூள் கலந்த ஒட்டுப்பசைகளும், உள்ளே அலுமினியம் உள்ள வெள்ளி நிற சீலன்ட்டுகளும் கூடாது.

கழுவிய காயிலும் கவரும் 24 மணி நேரம் காய வேண்டும். நடுவில் நீர் இருக்கும்போது அடைத்தால் அந்த நீரை நீங்களே உள்ளே பூட்டிவைக்கிறீர்கள். ஒட்டும் விளிம்பை மட்டும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். 2 முதல் 3 மி.மீ. பருமனுள்ள பட்டையாக, காயில் கூட்டின் பக்கச்சுவரில் இழுங்கள், அடிப்பரப்பில் வேண்டாம். அடிப்பரப்பில் போட்டால் கவர் சமமாக உட்காராது, பின்னால் கழற்றவும் முடியாது. 11 அங்குலத்துக்கு வெளிச்சுற்றளவு 88 செ.மீ. நடுவில் திறப்பு உள்ள காயில் என்பதால் ஒவ்வொரு திறப்பின் உள்விளிம்பையும் அடைக்க வேண்டும். பலர் வெளிச்சுற்றை மட்டும் அடைத்துவிட்டு, மணல் எப்படி வந்தது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அது திறப்பு வழியாக வந்திருக்கும்.

கவரை அழுத்தும்போது பின்முனையில் ஒரு செ.மீ. இடைவெளியை சிலிக்கான் இல்லாமல் விடுங்கள். உள்ளே மாட்டும் காற்று அந்த வழியாக வெளியேறும். அழுத்தி முடித்தபின் அதை அடையுங்கள். பிதுங்கியதைச் சோப்பு நீரில் நனைத்த விரலால் வழித்துவிடுங்கள். மேல்தோல் அரை மணி நேரத்தில் கட்டினாலும் உள்ளே நாளொன்றுக்கு 2 முதல் 3 மி.மீ. ஆழமே இறுகும். முழு ஒரு நாள் தொடாதீர்கள். அடுத்த நாள் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நிமிடம் மூழ்கவைத்துப் பாருங்கள். ஏதாவது ஓரிடத்தில் வரிசையாகக் குமிழி எழுந்தால் அங்கே ஓட்டை.

கழற்ற வேண்டிய நாள் வந்தால் தூண்டில் நைலான் நூலை விளிம்பில் நுழைத்து ரம்பம் போல் இழுத்தால் சிலிக்கான் அறுபடும். கத்தி வேண்டாம்.

தரைமட்டம்:

நான் இதுல மாறுபடுறேன். திறப்புள்ள காயில்ல சீல் பண்ணாதீங்க.

காரணம் வெப்பம். கறுப்புக் கவர் வெயில்ல நல்லா சூடாகும். உள்ளே அடைபட்ட காற்று விரியும். 45 டிகிரியில இருக்கிற காயிலை 20 டிகிரி தண்ணியில முக்கினா அந்தக் காற்றோட அழுத்தம் சுமார் 8 சதவீதம் சட்டுனு இறங்கும். சிலிக்கான்ல ஊசிமுனை ஓட்டை இருந்தாக்கூட அது வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்ல. உப்புத்தண்ணி மாசக்கணக்கா உள்ளேயே குலுங்கும், நீங்க சீல் பண்ணியாச்சேன்னு வேற எங்கயோ கோளாறு தேடிட்டு இருப்பீங்க. (சீல் பண்ணினாலும் பண்ணலைனாலும் சூடான காயிலை நேரா தண்ணியில இறக்காதீங்க. நிழல்ல பத்து நிமிஷம் வச்சு, ஈரத்துணி போட்டு ஆறவிட்டு இறக்குங்க. காயில் கூட்டுக்குள்ளயும் காத்து இருக்கு, அதுக்கும் இதே கதிதான்.)

முழு சீலுக்குப் பதிலா சாதாரண வினைல் இன்சுலேஷன் டேப் போதும். கவரும் கூடும் சேர்ற கோட்டு மேல, ரெண்டு சுத்து. 88 செ.மீ. சுற்றளவுக்கு ரெண்டு சுத்துன்னா ஒண்ணே முக்கால் மீட்டர். லேசா இழுத்துப் பிடிச்சு ஒட்டுங்க. ஆனா கடைசி அஞ்சு செ.மீ.யை இழுக்காம சும்மா படியவிட்டு முடிங்க. இழுத்து முடிச்சா அந்த நுனிதான் முதல்ல உரியும். ஒட்டுற இடத்துல உப்புப் படலம் இருந்தா எந்த டேப்பும் நிக்காது, நல்ல தண்ணியில துடைச்சுக் காயவிட்டு ஒட்டணும். அன்னன்னைக்கு உரிச்சு எறிஞ்சிட்டு கவரைக் கழுவிடலாம். திறப்போட உள்விளிம்புல டேப் ஒட்டுறது சிரமம். அங்க கொஞ்சம் மணல் போகும், டேப்புக்கு அவ்வளவுதான் முடியும். அலுமினிய டேப் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

சிலர் கவர்ல வடிகால் துளை போடுவாங்க. புல்வெளி, நன்னீர் ஏரி மாதிரி இடத்துக்கு ஓரத்துல 3 மி.மீ. துளை மூணு நாலு இருந்தா தண்ணி நிக்காம வடியும், நல்ல யோசனை. மணல் கரைக்கு அது வாசல் திறந்துவிட்ட மாதிரி. துளை போடறவங்க கவரைக் கழற்றித் தனியா வச்சுப் போடுங்க. காயில் மேல மாட்டினபடியே துளைச்சா டிரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூட இறங்கினாப் போதும், சுருள் போச்சு.

நீலவளையம்:

நன்னீரில் மூழ்கவைத்துப் பார்க்கும் சோதனையை ஒவ்வொரு மாதமும் செய்தால் அந்த ஊசிமுனை ஓட்டை தெரிந்துவிடும். ஆனால் திறப்புள்ள காயிலில் அடைக்க வேண்டிய நீளம் அதிகம், ஓட்டை விழ வாய்ப்பும் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூடிய, தட்டு போன்ற காயிலுக்கு சீல், திறப்புள்ளதற்கு டேப்பும் தினசரிக் கழுவலும். இப்படிப் பிரித்துக்கொண்டால் இருவர் சொல்வதும் பொருந்தும்.

கரைநடை:

மிக்க நன்றி. கழற்றிவிட்டேன், உடையவில்லை. உள்ளே மூன்று கைப்பிடி சேறு, காந்தத்தில் பாதிக்குமேல் ஒட்டியது. கவர் இல்லாமல் காற்றில் வீசினால் சத்தமே இல்லை. மூல காரணம் தெரிந்துவிட்டது.

ஆனால் கழுவியபின் இரண்டு விஷயம் கண்ணில் பட்டன. கவரின் முன்முனை வலது ஓரத்தில் சிறு ஓட்டை விழுந்திருக்கிறது, அதற்கு நேர் மேலே காயில் கூட்டிலும் இரண்டு செ.மீ. நீளத்துக்குத் தேய்ந்த கோடு. அந்தக் கோட்டின் நடுவில் சாம்பல் கலந்த கறுப்பாக ஒரு பூச்சு தெரிகிறது. இன்னொன்று, தண்டை மாட்டும் காதுகளில் ஒன்றின் அடியில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. இவற்றோடு தண்ணீரில் இறங்கலாமா?

செம்புச்சுருள்:

இறங்காதீர்கள். இரண்டையும் சரிசெய்தபின் இறங்கலாம், இரண்டுமே வீட்டில் செய்யக்கூடிய வேலைதான்.

அந்தக் கறுப்புப் பூச்சு பெரும்பாலும் கிராஃபைட் ஷீல்டாக இருக்கும். பல காயில்களில் கூட்டின் உட்சுவரில் மின்கடத்தும் பூச்சு பூசி, அதைக் கேபிளின் கவசக் கம்பியோடு இணைத்திருப்பார்கள். ஈரப்புல்லோ ஈர மணலோ கூட்டைத் தொடும்போது ஏற்படும் மின்தேக்க விளைவு சுருளை எட்டாமல் தடுப்பது அதன் வேலை. அது வெளியே தெரிகிறது என்றால் நீருக்கும் ஷீல்டுக்கும் நடுவே இனி எதுவும் இல்லை. உப்பு நீர் அதைத் தொட்டால் பீப்கள் திரும்ப வரும், அந்த வழியாக ஈரம் சுருள்வரை ஊறும். இதுவரை ஊறியிருந்தால்? காயிலை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் நான்கைந்து நாள் வையுங்கள். ஹேர் டிரையர், வெயில் வேண்டாம். உள்ளே நிரப்பியிருக்கும் நுரையும் எபாக்சியும் வேறு வேறு அளவில் விரியும், கூடு பிளக்கும்.

காய்ந்தபின் தேய்ந்த கோட்டைச் சுற்றி ஒரு செ.மீ. அகலத்துக்கு 120 நம்பர் உப்புத்தாளால் மெதுவாகச் சொரசொரப்பாக்குங்கள். கறுப்புப் பூச்சின் மேல் தாள் படக்கூடாது. தூளை ஊதி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இரண்டு டியூப் கொண்ட சாதாரண தெளிவான எபாக்சி, மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிட வகையைவிட அது நீரைத் தாங்கும். உலோகத்தூள் கலந்த "ஸ்டீல்" எபாக்சி, பிசைந்து ஒட்டும் உலோக மாவு இரண்டும் கூடவே கூடாது. சம அளவு எடுத்து இரண்டு நிமிடம் நன்றாகக் கலந்து, கோட்டில் நிரப்பி, மேலே ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் தாளை வைத்து விரலால் தேய்த்துச் சமமாக்குங்கள். 24 மணி நேரம் கழித்துத் தாளை உரித்தால் கண்ணாடி போல் இருக்கும். கூட்டின் மட்டத்துக்கு மேல் அரை மி.மீ. எழும்பியிருந்தாலும் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கவர் அந்த மேட்டில் உட்கார்ந்து ஆடும்.

கூட்டுத் தேய்மானம் கவர் ஓட்டையாகி நாளானபின்தான் தொடங்கியிருக்கும். கவர் எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு எளிய சோதனை: கழற்றிய கவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வாருங்கள். மற்ற இடமெல்லாம் விறைப்பாக இருந்து ஓரிடம் மட்டும் காகிதம் போல் உள்வாங்கினால் அங்கே அரை மி.மீ.க்கும் குறைவாகத்தான் மிச்சம். வெளிர் நிறக் கவர் என்றால் இருட்டில் உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், தேய்ந்த இடம் நிலாத்துண்டு போல் பளிச்சென்று தெரியும்.

தேய்ந்த இடம் உங்கள் வீச்சையும் சொல்லிவிடுகிறது. முன்முனை வலது ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் வலப்பக்கம் முடியும்போது காயில் சாய்ந்து தரையில் இடிக்கிறது, இடப்பக்கம் தூக்கிக்கொள்கிறது. தண்டின் நீளத்தை ஒரு துளை மாற்றி, காயிலின் கோணத்தைத் தரைக்கு இணையாக வைத்துப் பாருங்கள். பின்முனை தேய்ந்தால் காயில் மூக்கைத் தூக்கி நிற்கிறது என்று பொருள். வட்டமான கவர் என்றால் அவ்வப்போது கால் சுற்று திருப்பி மாட்டித் தேய்மானத்தைப் பகிர்ந்துவிடலாம். நீள்வட்டக் கவரில் அது நடக்காது.

விளிம்பு:

காது வெடிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெடிப்புக்குக் காரணம் அநேகமாக நட்டை அளவுக்கு மீறி முறுக்கியது. காயில் தொங்கிப்போகிறது என்று முறுக்குவார்கள். தொங்குவதற்குக் காரணம் காதுக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்து வழவழப்பானது, அல்லது அதில் மணலும் சோப்பும் படிந்தது. பிடிமானம் வாஷரின் உராய்வில்தான் இருக்கிறது. வாஷரைக் கழற்றி வெறும் தண்ணீரில் கழுவி, இரு பக்கத்தையும் உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்து மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் புது வாஷர். எண்ணெய், வாசலின் எதுவும் தடவக்கூடாது. நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. போதும்.

வெடிப்புக்குள் கொஞ்சம் இளக்கமான எபாக்சியைக் குச்சியால் விட்டு, காதை மெல்ல விரித்து மூடி உள்ளே இறங்கச் செய்யுங்கள். வெளிப்புறத்தில் இரண்டு அடுக்கு மெல்லிய கண்ணாடி நாரிழைத் துணியை எபாக்சியில் நனைத்துச் சுற்றினால் பழைய பலம் வரும். கார்பன் நாரிழை வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். போல்ட் துளைக்குள் எபாக்சி வழியாமல் மெழுகு தடவிய குச்சியைச் செருகி வையுங்கள். போல்ட் உடைந்தால் நைலான் போல்ட்டையே போடுங்கள். கிடைக்கவில்லை என்று இரும்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போட்டால் சுருளுக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒரு உலோகம் உட்கார்ந்திருக்கும், லேசாக ஆடினாலும் பீப்.

கேபிளையும் பார்த்துவிடுங்கள். காயிலுக்கும் முதல் கட்டுக்கும் நடுவே, காயிலை முழுக்க மடக்கி விரிக்கப் போதுமான தளர்வு இருக்க வேண்டும், அதைவிட அதிகம் கூடாது. தளர்ந்து ஆடும் கேபிள் காயிலின் மேல் அசைந்தால் அதுவும் வீச்சுக்கு வீச்சு பொய்ச் சத்தம் தரும், கவர்க் கோளாறு மாதிரியே இருக்கும். தண்டில் ஒரே சீராகச் சுற்றி, மேலும் கீழும் வெல்க்ரோ பட்டை.

தரைமட்டம்:

பழைய கவர்ல இருக்கிற ஓட்டையை அடைச்சு ஓட்டலாமான்னு கேட்பீங்க. வேற ஏபிஎஸ் துண்டைப் பொடியா நறுக்கி, கொஞ்சம் அசிட்டோன்ல ஊறவச்சா தேன் பதத்துக்கு வரும். அதை ஓட்டையில உள்பக்கமா பூசி, ஒரு நாள் காயவச்சா ஒரே பிளாஸ்டிக்கா இறுகிடும். கழற்றின கவர்ல மட்டும், காத்தோட்டமான இடத்துல, நெருப்புப் பக்கம் இல்லாம. காயில் கூட்டு மேல இந்த வேலை வேண்டவே வேண்டாம். அசிட்டோன் வாசனை முழுசா போனப்புறம்தான் கவரை மாட்டணும். இது புதுக் கவர் வர்ற வரைக்கும் தாங்கும்.

புதுக் கவர் வாங்கறப்ப அங்குலத்தை மட்டும் பார்க்காதீங்க. அதே 11 அங்குலத்துல விளிம்புச் சுவரோட உயரமும் வளைவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காயில் மாடல் பேரைச் சொல்லி வாங்குங்க. உங்க காயிலுக்குக் கவரே கிடைக்கலைன்னா 3டி பிரின்ட்டுக்குப் போகலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரி பக்கத்துல இளகும், வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ளயே கோணிடும். பிஇடிஜி சுமார் 80 டிகிரி வரைக்கும் தாங்கும், ஏஎஸ்ஏ அதைவிட மேல, வெயிலுக்கும் வெளுக்காது. சுவர் கனம் 1.2 லேர்ந்து 1.5 மி.மீ., காயிலுக்கும் கவருக்கும் நடுவுல 0.3 மி.மீ. இடைவெளி, கவ்வுற உதடு 1 மி.மீ. கார்பன் ஃபைபர் கலந்த பிரின்ட் இழை எந்த நிறத்துல வந்தாலும் தள்ளுபடி. பிரின்ட்டர் மேசை சின்னதா இருந்தா ரெண்டு பாதியா எடுத்து எபாக்சியால ஒட்டுங்க, திருகு வேண்டாம். எந்தக் கவரா இருந்தாலும் மாட்டறதுக்கு முன்னாடி ஓடிட்டிருக்கிற காயில் முன்னாடி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்க. ஒரு சின்ன முனகல் வந்தாலும் அந்தக் கவர் ஆகாது.

கரைநடை:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். எபாக்சியும் நைலான் போல்ட்டும் எடுத்துவைத்தாகிவிட்டது. கவரால் குறையும் ஆழம் பற்றி மட்டும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

செம்புச்சுருள்:

கணக்காகவே பார்த்துவிடலாம். வட்டச் சுருளின் நடு அச்சில் காந்தப்புலம், ஆரத்தின் வர்க்கத்தையும் தொலைவின் வர்க்கத்தையும் கூட்டி, அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண்ணுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். சிக்னல் போகவும் வரவும் வேண்டும் என்பதால் மொத்தத்தில் மூன்றடுக்கு. டபுள்-டி சுருள் வட்டம் அல்ல, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

ஆரம் 14 செ.மீ., நாணயம் 20 செ.மீ. ஆழத்தில் என்று வையுங்கள். 2 மி.மீ. கனமுள்ள கவர் போட்டுத் தரையோடு ஒட்டி வீசினால் தொலைவு 20.2 செ.மீ. ஆகிறது. சிக்னல் சுமார் 4 சதவீதம் குறையும். கவரே இல்லாமல், ஆனால் தரையில் உரசக்கூடாதென்று பயந்து காயிலை 2 செ.மீ. தூக்கி வீசினால் தொலைவு 22 செ.மீ., சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கவர் போட்டுக்கொண்டு தரையை ஒட்டி வீசுகிறவருக்குத்தான் ஆழம் கிடைக்கும்.

எபாக்சி இறுகியபின் முதலில் கவர் இல்லாமல், பிறகு கவரோடு, ஒரே நாணயத்தைக் காட்டி இரண்டு முறையும் எந்தத் தொலைவுவரை சத்தம் வருகிறது என்று அளவுகோலால் அளந்து எழுதி வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்த இரண்டு எண்ணும் கையில் இருக்கும்.